இடுப்பெலும்பு உடைஞ்சவரை எப்ப நிக்க வைக்கறது, குளிருக்காக மலைய விட்டு இறங்கணுமா?

கேத்தி பாலாடா பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீளமான லெட்டர், தேவையானத மட்டும் எடுத்து இங்க தரேன்.

"டாக்டர் அண்ணா, என் வீட்டுக்காரருக்கு 36 வயசு, பிக்கப் ஓட்டறாரு. விடியறதுக்கு முன்னாடி கேரட் லோடு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு கிளம்புனவரு, வண்டி சாஞ்சு வெளிய விழுந்து வண்டிக்கும் மண்மேட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. இடுப்பெலும்பு, இடது தொடை, இடது முழங்காலுக்கு கீழன்னு 3 இடத்துல உடைஞ்சிருச்சு, கீழ்க்கால்ல எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய தெரிஞ்சுச்சு. 108ல வந்தவங்க பெட்ஷீட்ட இறுக்கிக் கட்டி கோயம்புத்தூர் கொண்டு போனாங்க. அன்னைக்கு வெளிய கம்பி மட்டும் மாட்டி விட்டுட்டு, உள்ள பிளேட்டு ராடு வைக்கற ஆபரேஷன 6 நாள் கழிச்சுத்தான் பண்ணாங்க. காசு கட்டலைன்னு இழுத்தடிக்கறாங்கன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. இப்ப மொத்தம் 5 வாரம் ஆச்சு, வீட்டுல இருக்காரு. இடது காலை 3 மாசம் தரையில ஊனவே கூடாதாம். கொழுந்தனாரு, அவரு ஃபிரண்டுக்கு தொடையில ராடு போட்டு மறுநாளே நடக்க வச்சாங்க, நடந்தாத்தான் எலும்பு கூடும்கறாரு. மாமியார் எண்ணெய் போட்டு நீவிக் கட்டற வைத்தியரைக் கூப்பிடலாம்கறாங்க. அந்தக் கால் கட்டைவிரலை மேல தூக்க வரல. குளிர்ல உள்ள இருக்கற இரும்பு ஜில்லுனு ஆயி குடையும், காரமடையில எங்க அக்கா வீட்டுக்கு இறங்கிடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வீடு ரோட்டுல இருந்து 40 படி கீழ. இன்னொன்னு கேக்கவே கூச்சமா இருக்கு, எங்களுக்கு ஒரு பொண்ணுதான், இனிமே எங்க வாழ்க்கை பழையபடி இருக்குமா..."

தங்கச்சி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரேயையும் போட்டோ எடுத்து அனுப்புனது ரொம்ப நல்லதா போச்சு, அது இல்லாம நான் எழுதுனா பொதுவா ஏதாவது எழுதி வச்சிருப்பேன். நேர்ல பாக்காத டாக்டர் சொல்றது ஒரு அளவுக்குத்தான், உங்க சர்ஜன் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் எங்கயாவது இடிச்சா அவரு பேச்சைத்தான் கேக்கணும், அவருதான் உள்ள திறந்து பாத்தவரு.

முதல்ல அந்த 6 நாள் விஷயத்த பேசிடுவோம், ஏன்னா உங்க லெட்டர்ல வலியவிட அந்தக் கோபம்தான் அதிகமா தெரியுது. நீங்க எழுதியிருக்கறத வச்சு, பேப்பர வச்சு பாத்தா யாரும் இழுத்தடிச்ச மாதிரி எனக்குத் தெரியல. அந்த 6 நாள்தான் அவரைக் காப்பாத்துச்சுன்னே சொல்லுவேன். எப்படின்னு சொல்றேன்.

இடுப்பெலும்புங்கறது ஒரு வளையம். பின்னாடி முதுகெலும்போட அடிக்கட்டை, திரிகம்னு சொல்லுவாங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய அகலமான எலும்பு, அது ரெண்டும் முன்னாடி அடிவயித்துக்குக் கீழ வந்து சேருது. ஒரு கைமுறுக்கை எடுத்து ஒரே ஒரு இடத்துல மட்டும் உடைச்சுப் பாருங்க, முடியாது, ஒரு இடம் விட்டா எதிர்ப்பக்கம் இன்னொரு இடமும் விட்டுரும். உங்க வீட்டுக்காரருக்கும் அதேதான், முன்னாடி சேர்ற இடம் பிரிஞ்சு எக்ஸ்ரேயில நாலரை சென்டிமீட்டர் இடைவெளி தெரியுது, சாதாரணமா அது அரை சென்டிமீட்டர் இருக்கும், ரெண்டரைக்கு மேல போனாலே பின்னாடி இருக்கற ஜாயிண்டோட தசைநாரும் கிழிஞ்சிருக்கும்னுதான் நாங்க எடுத்துக்குவோம். அவருக்கு இடது பக்கம் பின்னாடியும் திறந்துக்கிச்சு. மூடுன புத்தகத்தைப் பிரிச்ச மாதிரி இருக்கறதால இதுக்கு எங்க பாஷையிலயே ஓப்பன் புக்னுதான் பேரு.

புத்தகம் விரிஞ்சா என்ன ஆகும்னா, உள்ள திரிகத்துக்கு முன்னாடி வலை மாதிரி பின்னிக் கிடக்கற ரத்தக்குழாய்ங்க கிழியும், எலும்பு உடைஞ்ச முகத்துல இருந்தும் ரத்தம் வரும், வெளிய ஒரு சொட்டு கூட தெரியாது. மொத்தமே ஒரு ஆளுக்கு 5 லிட்டர் ரத்தம்தான், தொடையெலும்பு ஒண்ணு உடைஞ்சாலே அதுல 1 லிட்டர் 1½ லிட்டர் தொடைக்குள்ளயே தேங்கிரும். இடுப்புக்குள்ள அதுக்கும் மேல இறங்கலாம், ஏன்னா வளையம் விரிய விரிய உள்ள இடமும் பெருசாகிட்டே போகுது. இந்த நிலைமையில குன்னூர் மலைப்பாதையோட 14 கொண்டை ஊசி வளைவும் தாண்டி கோயம்புத்தூர் போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும். அவரு உயிரோட போய்ச் சேர்ந்ததுக்கு முதல் காரணம் அந்த 108 தம்பிங்க கட்டுன பெட்ஷீட். அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

அந்தக் கட்டைப் பத்தி என் சொந்த வெக்கக்கேட்டையும் சொல்லிடறேன். நான் பிஜி படிக்கறப்ப, எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், ராத்திரி டூட்டியில ஒரு பையன் இதே மாதிரி வந்தான். நான் ஓடிப் போய் பெட்ஷீட்ட மடிச்சு இறுக்கிக் கட்டிட்டேன், பிபி ஏறவே மாட்டேங்குது, ரத்தம் ஏத்தறோம் ஏத்தறோம் அது எங்கயோ போயிட்டே இருக்கு. சீஃப் வந்தாரு, ஒரு வார்த்தை பேசல, கட்டை அவுத்து ஒரு சாண் கீழ எறக்கி, ரெண்டு காலையும் உள்பக்கமா திருப்பி முட்டியோட முட்டி சேத்துக் கட்டி, அப்புறம் பெட்ஷீட்ட இறுக்குனாரு. கொஞ்ச நேரத்துல பிபி நின்னுச்சு. அப்புறமா சொன்னாரு, "நீ கட்டுனது வேட்டி கட்டற இடம்யா". நம்ம பாஷையில இருக்கற சிக்கல் அது, வேட்டி கட்டற இடத்துக்கும் இடுப்புதான், உடைஞ்ச எலும்புக்கும் இடுப்புதான். கட்டு வர வேண்டிய இடம் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டா கை நிக்கற மட்டம், தொடை ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு பக்கமும் குமிழ் மாதிரி தட்டுப்படுமே, அந்தக் குமிழ் மேலயே கட்டு உக்காரணும். வயித்துல கட்டுனா வளையம் மூடாது, சமயத்துல இன்னும் விரியும். பெட்ஷீட்டு, சால்வை, சேலை எதுவா இருந்தாலும் சரி, மட்டம் சரியா இருக்கணும், கையக் கால புடிச்சு தொட்டில் மாதிரி தூக்கக் கூடாது. மலையில வண்டி ஓட்டற வீட்டுல எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கலாம்.

சரி, ஆஸ்பத்திரிக்கு போன அன்னைக்கு அவங்க பண்ணது, இடுப்புக்கும் காலுக்கும் வெளிய இருந்து கம்பி போட்டு நிறுத்துனது, கீழ்க்கால் புண்ணை லிட்டர் லிட்டரா சலைன் விட்டுக் கழுவுனது, ஆன்டிபயாட்டிக் போட்டது, ரத்தம் ஏத்துனது. எலும்பு வெளிய தெரிஞ்ச புண்ணுல மண்ணு, புல்லு, வண்டி கிரீஸ் எல்லாம் இருக்கும், அதுல அன்னைக்கே பெரிய ராடை சொருகறதவிட சதை உயிரோட இருக்கான்னு பாத்துட்டு வைக்கறது சில பேருக்கு நல்லது. அதுக்கும் மேல, 5 லிட்டர்ல பாதி ரத்தம் போன உடம்புல 5 மணி நேர ஆபரேஷன் பண்ணா அதுவே இன்னொரு விபத்து மாதிரி. எங்க தொழில்ல இது ரொம்ப நாள் சண்டையா இருந்த விஷயம். ஒரு காலத்துல இவ்வளவு மோசமா அடிபட்டவங்கள ஆபரேஷனே தாங்க மாட்டாங்கன்னு வாரக்கணக்குல வெயிட் கட்டி படுக்கவே வச்சிருப்பாங்க, அதுல நிறைய பேரு நுரையீரல் கெட்டுப் போயிருக்காங்க. 1989ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு தொடையெலும்ப 24 மணி நேரத்துக்குள்ள நிறுத்தணும்னு காட்டுச்சு, உடனே எல்லாரும் எல்லாருக்கும் முதல் நாளே எல்லாத்தையும் பண்ண ஆரம்பிச்சாங்க, அப்புறம்தான் ஜெர்மனிக்காரங்க கவனிச்சாங்க, ரொம்ப ரத்தம் போனவங்களுக்கு, நெஞ்சுலயும் அடிபட்டவங்களுக்கு இது இன்னும் கெடுதலா முடியுதுன்னு. அதனால இப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி, ரொம்ப நலிஞ்சு வர்றவங்களுக்கு முதல்ல உயிர், வெளிக்கம்பி, ஐசியூ, உடம்பு தேறுன பிறகு உள் வேலை. இதுக்கு டேமேஜ் கன்ட்ரோல்னு பேரு, கடற்படையில இருந்து வந்த வார்த்தை, ஓட்டை விழுந்த கப்பலை நடுக்கடல்ல வச்சு பெயின்ட் அடிச்சுட்டு இருக்க மாட்டாங்க இல்ல, முதல்ல ஓட்டைய அடைச்சு துறைமுகம் கொண்டு போவாங்க.

தேறிட்டாருன்னு எத வச்சு சொல்றாங்கன்னா, ரத்தத்துல லாக்டேட்னு ஒண்ணு பாப்பாங்க, ரத்தம் போதாம திசுக்கள் திணறும்போது அது ஏறும். 4க்கு கீழ வந்து இன்னும் இறங்கிட்டே இருந்தா பெரிய வேலைய ஆரம்பிக்கலாம்னு ஒரு கணக்கு. உங்க சம்மரியில முதல் நாள் 6.8ன்னு இருக்கு, மூணாவது நாள் 2.1. அதுக்கப்புறமும் அவரு கீழ்க்கால் வீக்கம் வத்தி தோல்ல சுருக்கம் விழணும், அதுக்குத்தான் மீதி நாள். இடுப்பு ஆபரேஷன ரொம்பவும் தள்ளிப் போட்டா 3 வாரத்துக்கு மேல எலும்பு கோணலா கூட ஆரம்பிச்சு பிரிச்செடுக்கறதே பெரும்பாடா போயிரும், ஆறாவது நாள்ங்கறது எந்த விதத்துலயும் லேட் இல்ல.

காசு விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஸ்டேட்ல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் திட்டம் ஓடிட்டு இருக்கு, ரோடு விபத்துல அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம், அந்தத் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியா இருந்தா பிரைவேட்டா இருந்தாலும் சரி. அதுக்கு மேல முதலமைச்சர் காப்பீட்டு கார்டு. கொழுந்தனாருக்கு வேலை வேணும்னா ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவு, அதான் ஏஆர் காப்பி, காயத்துக்கு தர்ற ஊண்ட் சர்டிபிகேட், எஃப்ஐஆர், பில்லு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வக்கீல்கிட்ட இழப்பீட்டு கேஸுக்கு பேசச் சொல்லுங்க, நடக்க வைக்கற வேலைய நாங்க பாத்துக்கறோம்.

இப்ப கொழுந்தனாரு சொன்ன நடக்கற விஷயம். அவரு பொய் சொல்லல, அதான் சங்கடமே. தொடையெலும்பு மட்டும் உடைஞ்சவருக்கு உள்ளுக்குள்ள ராடு போட்டா மறுநாளே நடக்க வைக்கறது சரியான வைத்தியம்தான். இந்த ராடை முதல்ல கொண்டு வந்தது குன்ட்ஷர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், 1939ல, எலும்போட மஜ்ஜைக் குழாய்க்குள்ளயே நீளமா ஒரு கம்பி. யுத்தம் முடிஞ்சு ஜெர்மனியில கைதியா இருந்த சோல்ஜருங்க ஊருக்குத் திரும்பி எக்ஸ்ரே எடுத்தா தொடைக்குள்ள கம்பி, அதோட நடந்துட்டு வேற இருக்காங்க, பாத்த டாக்டருங்களுக்கு ஆச்சரியம். அந்தக் கம்பி எலும்போட சேந்து பாரத்தைப் பங்கு போட்டுக்குது, அதனால தொடை தாங்கும். கீழ்க்கால் ராடும் அப்படித்தான்.

ஆனா உங்க வீட்டுக்காரருக்கு பாரம் தொடைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு இடம் இருக்கு. தலையில இருந்து முதுகு வரைக்கும் உள்ள மொத்த வெயிட்டும் திரிகத்துக்கு வந்து, அங்க இருந்து பின் ஜாயிண்ட் வழியா பிரிஞ்சு ரெண்டு காலுக்கும் போகுது. அந்த இடது ஜாயிண்ட்தான் அவருக்கு கிழிஞ்சது. அதை இப்ப புடிச்சு நிறுத்தியிருக்கறது ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ எப்படிப் போடறாங்கன்னு சொன்னா கொழுந்தனாருக்கு புரியும்னு நினைக்கறேன். பக்கவாட்டுல புட்டத்துல ஒரு சின்ன கீறல், அதுவழியா பென்சில் முனை மாதிரி ஒரு கைடு வயர். சி ஆர்ம்னு எக்ஸ்ரே மிஷின் ஒண்ணு மேல நிக்கும், அதை தலைப்பக்கம் சாய்ச்சு ஒரு படம், கால்பக்கம் சாய்ச்சு ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம், கொஞ்சம் தட்டு, மறுபடி மூணு படம், மறுபடி கொஞ்சம் தட்டு. வயர் போக வேண்டிய எலும்பு வழி நம்ம கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும், அதுக்கு முன்பக்கம் ஒட்டிக்கிட்டு ஒரு நரம்பு காலுக்கு இறங்குது, கீழ இன்னொரு நரம்பு வெளிய வர்ற ஓட்டை, பின்னாடி மொத்த நரம்பு கத்தையும் இருக்கற குழாய். வயர் சரியா உக்காந்ததுக்கப்புறம் அதுமேலயே 7 மில்லிமீட்டர் கனத்துல உள்ள பொந்து வச்ச ஸ்க்ரூவ ஓட்டுவாங்க. அந்த நேரம் தியேட்டர்ல யாரும் பேச மாட்டோம். இவ்வளவு பாடுபட்டு வச்சது தசைநார் ஆறி கூடற வரைக்கும் புடிச்சு வைக்கறதுக்குத்தான், 70 கிலோ ஆளு ஊனி நடக்கறதுக்கு இல்ல. நடந்தா ஸ்க்ரூ வளையும், இல்ல உருவிக்கிட்டு வரும், இடது பக்கம் மேல ஏறி கால் குட்டையாகும், மறுபடி திறக்கறது முதல் தடவையவிட பல மடங்கு கஷ்டம்.

அதுக்காக மூணு மாசம் கட்டிலோட கட்டிலா கிடக்கணும்னு அர்த்தம் இல்ல, நிறைய வீட்டுல இப்படித்தான் தப்பா எடுத்துக்கறாங்க. வலது கால் நல்லா இருக்கு, அதுல ஊனி கட்டில்ல இருந்து வீல்சேருக்கும் சேர்ல இருந்து கக்கூஸ் சேருக்கும் மாறலாம், உக்காரலாம், வாக்கர் புடிச்சு வலது கால்ல மட்டும் நிக்கலாம், உங்க சர்ஜன் வலதுக்கு அனுமதி கொடுத்திருக்காருன்னு சம்மரியிலயே இருக்கு. இடது முட்டிய மடக்கி நீட்டறது, தொடை சதைய இறுக்கி விடறது, கணுக்காலை அசைக்கறது, முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் பத்துப் பத்து தடவை. குத்துக்கால் வேண்டாம், சம்மணம் வேண்டாம், இந்தியன் டாய்லெட் வேண்டவே வேண்டாம். நடுவுல ஓட்டை போட்ட கக்கூஸ் சேர் மெடிக்கல் கடையில வாடகைக்கே கெடைக்கும், உயரம் அவரு முட்டி மட்டத்தவிட கொஞ்சம் மேல இருக்கணும். ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கறப்ப தோளையும் இடுப்பையும் ஒண்ணா, மரக்கட்டைய உருட்டற மாதிரி, நடுவுல தலகாணி வச்சு. ஆறாவது வாரம் ஒரு எக்ஸ்ரே, பன்னெண்டாவது வாரம் ஒண்ணு, அதுக்கப்புறம் முதல்ல கால் விரல் பட, அப்புறம் பாதி வெயிட், அப்புறம் முழுசா.

மாமியார் சொன்ன வைத்தியர் விஷயம். நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா கை சுளுக்குக்கும் சின்ன முறிவுக்கும் கட்டு கட்டி பழகுனவங்க, எனக்கு அவங்க மேல கோபம் இல்ல, மாமியார் மேலயும் கோபப்படாதீங்க, புள்ள படற வலிய பாத்துட்டு சும்மா இருக்க முடியலைன்னுதான் சொல்றாங்க. ஆனா இந்தக் காலை நீவவே கூடாது. இடுப்பும் தொடையும் உடைஞ்சு படுத்திருக்கறவரோட கால் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியாகற ஆபத்து இருக்கு, அதுக்குத்தான் வயித்துல தினமும் ஊசி போட்டாங்க, இப்ப மாத்திரை. அப்படி கட்டி நிக்கற ரத்தத்தை நீவி விட்டா அது பிச்சுக்கிட்டு நேரா நுரையீரலுக்குப் போய் அடைக்கும், பேசிட்டு இருக்கறப்பவே ஆள் போயிடலாம். கெண்டைக்கால் திடீர்னு வீங்கி சூடா இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, திடீர்னு மூச்சு வாங்குனா, நெஞ்சு குத்துனா உடனே 108. மாத்திரைய நாமளா நிறுத்த வேண்டாம், எத்தனை நாள்னு சர்ஜன்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க. மாமியாருக்கு கை பரபரன்னா வலது காலையும் தோளையும் அமுக்கி விடச் சொல்லுங்க, அதுவும் அவருக்கு வேண்டியதுதான்.

கட்டைவிரலுக்கு வரேன். சம்மரிய ரெண்டு தடவை படிச்சேன், ஆபரேஷனுக்கு முன்னாடி அட்மிஷன் அன்னைக்கே இடது பாதம் மேல தூக்க வரலைன்னு எழுதியிருக்காங்க. அதாவது ஸ்க்ரூ குத்தி வந்தது இல்ல, பின் ஜாயிண்ட் திறந்தப்பவே அதுமேல போற நரம்பு இழுபட்டிருக்கு. நரம்பு அறுந்தா ஒரு கதை, இழுபட்டா வேற கதை. வெறும் இழுபட்டதா இருந்தா சில வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள உயிர் வர ஆரம்பிக்கும், உள்ள இழையே அறுந்திருந்தா அது மறுபடி வளரணும், வளர்ற வேகம் நாளைக்கு 1 மில்லிமீட்டர், மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு இஞ்ச்தான், இடுப்புல இருந்து முழங்காலுக்குக் கீழ வர எவ்வளவு நாளாகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம், வருஷத்துக்கு மேல. எதுன்னு தெரிய நரம்பு டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ஊசி வச்சு கரன்ட் ஓட்டம் பாக்கறது, மூணு நாலு வாரம் கழிச்சுத்தான் அது சரியா காட்டும், இப்ப நேரம் ஆயிருச்சு, அடுத்த தடவை போறப்ப கேளுங்க. அதுவரைக்கும் பாதம் கீழ தொங்காம இருக்க ஏஎஃப்ஓன்னு எல் ஷேப்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் போட்டே ஆகணும், இல்லைன்னா நரம்பு திரும்பி வர்ற நேரம் குதிகால் நார் சுருங்கிப் போய் பாதம் மடங்காது. ஒரு துண்டை பாதத்துல மாட்டி அவரே தன் பக்கமா இழுத்து புடிச்சு முப்பது எண்ணணும், தினமும் நாலு வேளை.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நரம்பு போன பாதத்துல சூடு தெரியாது. உறைபனி நேரத்துல கரி அடுப்புகிட்ட கால நீட்டி உக்காருவோம், இல்ல வெந்நீர் பை வைப்போம், மத்தவங்களுக்கு சுட்டா காலை இழுத்துக்குவாங்க, இவரு இழுக்க மாட்டாரு, மறுநாள் சாக்ஸ கழட்டுனா கொப்புளம் இருக்கும். கம்பளி சாக்ஸ் போதும். அப்புறம் மூடுன ரூமுக்குள்ள கரி அடுப்பு வைக்கவே வைக்காதீங்க, யாரு வீடா இருந்தாலும், அந்த வாயு மணமே இல்லாம ஆளைக் கொன்னுரும்.

குளிருக்கு பயந்து மலைய விட்டு இறங்கணுமான்னா, வேண்டாம். அவருக்குள்ள இருக்கற உலோகம் ஊட்டியில இருந்தாலும் காரமடையில இருந்தாலும் உடம்பு சூட்டுலதான், 37 டிகிரியிலதான் இருக்கும், வெளிய பனி பெஞ்சா உள்ள ஸ்க்ரூ உறையாது. குளிர்ல வலி கூடறது உண்மைதான், நானே தினம் ஓபியில கேக்கறேன், ராடு இல்லாத பழைய முறிவுக்காரங்களும் அதேதான் சொல்றாங்க. சதையும் தழும்பும் விறைச்சுக்கறதுல வர்ற வலி அது. தோலுக்கு அடியிலயே ஸ்க்ரூ தலை முட்டிட்டு இருக்கற கணுக்கால், முட்டி பக்கம்னா கொஞ்சம் கூடுதலா தெரியும். அந்த வலி எலும்பு கூடறத கெடுக்காது.

ஆனா காரமடைக்கு போங்கன்னுதான் நான் சொல்லுவேன், அந்த 40 படிக்காக. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குதுன்னா அவரை நாற்காலியில வச்சு பனியில வழுக்கற படியில நாலு பேரு தூக்கிட்டு ரோட்டுக்கு வரணும், ஒருத்தர் கால் இடறுனா என்ன ஆகும். அக்கா வீடு தரை மட்டம்னு எழுதியிருக்கீங்க, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, கோயம்புத்தூர் கிட்ட. ஆறாவது வார எக்ஸ்ரேக்கு எப்படியும் இறங்கித்தான் ஆகணும், அப்படியே அங்கயே மூணு மாசம் முடியற வரைக்கும் இருந்துட்டு, வாக்கரோட படி ஏறி இறங்கப் பழகிட்டு மேல வாங்க. இல்ல தோட்டம், மாடு, புள்ள ஸ்கூலுன்னு விட்டுட்டு போக முடியாதுன்னா அதுவும் நியாயம்தான், அப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க. ஊட்டியில இப்ப மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் புதுசா 700 பெட்டோட வந்தாச்சு, எக்ஸ்ரேக்கும் சந்தேகத்துக்கும் அங்கயே போகலாம், எல்லாத்துக்கும் கீழ ஓடணும்னு இல்ல.

சாப்பாடு பத்தி நீங்க கேக்கல, ஆனா ஆட்டுக்கால் சூப் தினமும் வைக்கறதா போற போக்குல சொல்லியிருக்கீங்க. நல்லா இருக்கும், குடிக்கட்டும், அதுல நீங்க நினைக்கற அளவு சத்து இல்ல, அவ்வளவுதான். முட்டை, பயறு, அவரை, ராகி, பால், மீன் கெடைச்சா மீன். ரத்தம் நிறைய போன ஆளு, ஹீமோகுளோபின் 9தான் இருக்கு, இரும்புச் சத்து மாத்திரை குடுத்திருக்காங்க, அதை விழுங்கிட்டு மேலயே ஒரு டம்ளர் டீ குடிச்சா டீயில இருக்கற துவர்ப்பு அந்த இரும்பை உடம்புல சேர விடாது. தேயிலை ஊர்ல இத சொன்னா அடிக்க வருவாங்கன்னு தெரியும், டீய விடச் சொல்லல, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் தள்ளி குடிங்கன்னு சொல்றேன். பீடி மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், வேண்டாம். புகை எலும்பு கூடறத அப்படியே தள்ளிப் போடும், அதுவும் வெளிய தெரிஞ்ச கீழ்க்கால் எலும்பு, அங்க ஏற்கனவே ரத்த ஓட்டம் கம்மி. புண்ணுல சீழ், நாத்தம், காய்ச்சல் எதுவா இருந்தாலும் அன்னைக்கே காட்டணும், வாரக் கடைசி வரைக்கும் பாக்கலாம்னு வேண்டாம்.

ஒரு வருஷம் கழிச்சு எக்ஸ்ரேயில முன்பக்க பிளேட்ல ஒரு ஸ்க்ரூ லூசாயிருக்கு, இல்ல பிளேட்டே விட்டிருக்குன்னு யாராவது சொன்னா பதறாதீங்க. முன்னாடி சேர்ற இடம் இயற்கையிலயே கொஞ்சம் அசையற இடம், ஆறுன பிறகு அது மறுபடி அசையும், பிளேட் களைச்சுப் போகும், நிறைய பேருக்கு அது தெரியவே தெரியாது. வலி இல்லைன்னா எதையும் எடுக்கத் தேவையில்ல.

வண்டி எப்ப ஓட்டலாம்னு அவரு கேக்கச் சொன்னதா எழுதியிருக்கீங்க. பிக்கப்ல கிளட்ச் இடது கால், அடிபட்டதும் இடது கால், பாதம் வேற தூக்க வரல. முழு வெயிட் ஊனி, குச்சி இல்லாம நடந்து, அவசரத்துக்கு காலை எடுத்து வைக்க முடிஞ்ச பிறகுதான், அஞ்சாறு மாசத்துக்கு முன்னாடி நினைக்க வேண்டாம். மலையில லோடோட இறங்கறது அதுக்கும் அப்புறம். கேரட் சிப்பத்த தோள்ல ஏத்தறது கடைசியில.

நீங்க கூச்சப்பட்டு கடைசி வரியில எழுதுனதுக்கு வரேன். கூச்சப்பட ஒண்ணும் இல்ல, இடுப்பு உடைஞ்ச ஆம்பளைங்க பாதிப் பேரு மனசுல இதே கேள்விதான் இருக்கும், வாய் திறக்க மாட்டாங்க, பொண்டாட்டிதான் கேக்க வேண்டியிருக்கு. ட்யூப் எடுத்ததுல இருந்து சிறுநீர் நல்லா போகுது, ரத்தம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, அது நல்ல சேதி, மூத்திரக்குழாய் அறுந்திருந்தா பிரச்சினை பெருசா இருந்திருக்கும். ஆண்மைக்கான நரம்பும் ரத்தக்குழாயும் அதே பக்கம்தான் போகுது, கொஞ்ச மாசம் சரியா வராம இருக்கலாம், அதோட வலி, ரத்தசோகை, இனி நான் எதுக்கு ஆவேன்ங்கற பயம் எல்லாம் சேர்ந்துக்கும். பொறுத்துப் பாருங்க. பன்னெண்டு வாரம் முடிஞ்சு எக்ஸ்ரே நல்லா இருந்து வலி இல்லைன்னா அவரு வெயிட் ஊனாத மாதிரி நீங்க பழையபடி இருக்கலாம். ஆறு மாசத்துக்கு மேலயும் சிரமம்னா யூராலஜி டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க, மாத்திரையிலயே சரியாகறவங்க நிறைய, நெஞ்சு வலிக்கு மாத்திரை ஏதாவது எடுத்துக்கறாருன்னா மட்டும் அதை முதல்லயே சொல்லிடணும். கொழந்தை பாக்கியத்துக்கு விதை நல்லா இருக்கறது முக்கியம், அதுக்கு ஒண்ணும் ஆகல. இதை மாமியார் முன்னாடி பேச வேண்டாம், அவரு தனியா இருக்கறப்ப இந்தப் பத்திய அவருகிட்ட காட்டுங்க.

அப்புறம் தினமும் காலையில ஸ்ப்ளின்ட்ட கழட்டறப்ப, அவரை கண்ண மூடச் சொல்லிட்டு கட்டைவிரல் மேல உங்க விரலை லேசா வச்சு "தூக்குங்க"ன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல விரல் அசையாது, முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம் சதையில ஒரு சின்ன துடிப்புதான் தெரியும், அங்க இன்னொரு கைய வச்சுக்குங்க. தெரிஞ்ச அன்னைக்கு காலண்டர்ல தேதிய வட்டம் போட்டு வச்சுட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.